சேர்ந்து தேய்ந்தவை

கதவு மெதுவாக மூடியது.

அடுப்படியில் மூங்கில் கூடையிலிருந்த ஒட்டரிசிச் சோற்றைப் புரட்டிக்கொண்டிருந்த பிக்குனின் கை அப்படியே நின்றது. தோங்மா லாரியிலிருந்து இறங்கினால் தெருவுக்கே தெரியும். அவன் கதவைச் சாத்துகிறவன் இல்லை, அறைகிறவன். அறைந்த கையோடு தொண்டையைக் கனைத்து, நெஞ்சுக்கூடு குலுங்க இருமி, முற்றத்துப் புழுதியில் துப்பிவிட்டு, "ஏய், காப்பி!" என்பான். கல்யாணமான நாள் முதல் அவள் காதில் விழுந்துவந்த வரிசை அது, முன்பின் மாறியதில்லை. இன்றைக்குப் பூட்டின் நாக்கு பள்ளத்தில் போய் உட்கார்ந்த மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் செருப்புச் சத்தம். அப்புறம் வாசல் சாக்கில் யாரோ கால் துடைக்கிற சத்தம். தோங்மா கால் துடைத்து அவள் பார்த்ததே இல்லை.

"சோத்து வாசம் தெருமுனை வரைக்கும் வருது," என்றபடி வந்து உட்கார்ந்தான்.

"கதவு நல்லா உக்காந்துடுச்சா?" என்று கேட்டாள்.

"அந்த எடத்துக்குன்னே பொறந்த மாதிரி."

சொல்லிவிட்டுச் சிரித்தான். இருமவில்லை. அவள் அவன் முன்னால் மீன் ஊறுகாயை வைத்துவிட்டு, இருமலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

அந்தக் கதவின் கதை இதுதான். போன பருவத்தில் சர்க்கரை ஆலை வரிசையில் நிற்கும்போது, பக்கத்து லாரியின் கரும்புச் சுமை சரிந்து, ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவை நசுக்கிவிட்டது. மழைக்காலம் பூராவும் கயிறு கட்டித்தான் ஓட்டினார்கள். கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் கயிறு கட்டிய கதவோடு ஆலைக்குள் விடமாட்டார்கள். லாரியோ அவர்கள் கல்யாணத்தைவிட வயதில் மூத்தது. அந்த மாடலுக்குச் சாமான் செய்வதை ஜப்பான்காரன் எப்போதோ நிறுத்திவிட்டான். இனி இரண்டே வழி. ஒன்று, அட்டைப்பெட்டியில் பளபளவென்று வருகிற டூப்ளிகேட். இன்னொன்று, செத்த வண்டியிலிருந்து கழற்றுகிற ஒரிஜினல்.

வடகிழக்குத் தாய்லாந்தின் உடோன் நகருக்கு வெளியே, செத்த வண்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்து உறுப்பு உறுப்பாக விற்கிற ஹெங் அண்ணனிடம் இரண்டு பேருமாகப் போனார்கள். ஹெங் சீன வம்சம். பனியனைத் தொப்புளுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு வியாபாரம் பேசுகிற ஆள்.

"டூப்ளிகேட் எடுத்துட்டுப் போ தோங்மா. தகரம் மெலிசுதான், ரப்பர் ரெண்டு மழைக்குத்தான் தாங்கும். ஆனா புதுசு. அதுக்கு முன்கதை கெடையாது," என்றார் ஹெங்.

"முன்கதையை வச்சு நான் என்ன பண்றது? என் வண்டிக்கு ஒரிஜினல்தான்."

"யோவ், வண்டிக்கு மட்டும் எல்லாம் ஒரிஜினல்," என்றாள் பிக்குன். "வீட்டுல குளிக்கிற வாளி அடியில ஓட்டை. அதுக்கு மட்டும் தார் வச்சு அடைக்கிறே."

"ஒன் வாளி இருவது டன் கரும்பு இழுக்குமாடி?"

ஹெங் சிரித்துக்கொண்டே அவர்களைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். களைச்செடிகளுக்கு நடுவே அவர்கள் லாரியே நின்றது போலிருந்தது. அதே மாடல், அதே வெளுத்த நீலம். பின்பக்கம் ஒடிந்து கிடந்தது, கேபினுக்கு ஒரு கீறல் இல்லை. கண்ணாடியின் பாதி உயரத்துக்குக் காய்ந்த சேற்றுக்கோடு ஓடியது. கதவைத் திறந்ததும் குளத்துப் பாசி வாசம் வந்தது.

"புருசனும் பொண்டாட்டியுமா ஓட்டின வண்டி," என்றார் ஹெங். "கரும்புத் தோட்டம் கொளுத்துற புகையில ரோடு தெரியாம குளத்துல எறங்கிட்டாங்க. வண்டிக்கு ஒண்ணும் ஆகலை, பாரு."

மனிதர்களுக்கு என்ன ஆனது என்று தோங்மா கேட்கவில்லை. பிக்குன் இடப்பக்க இருக்கையைப் பார்த்தாள். பெரிய லாரியில் புருசனோடு போகிறவளுக்கு அதுதான் வீடு. சங்கிலி இறுக்கவும் சக்கரத்துக்குக் கட்டை வைக்கவும் இறங்குவாள், மற்ற நேரமெல்லாம் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். அந்த இருக்கையில் ஒரு சின்ன உடம்பு உட்கார்ந்து உட்கார்ந்து குழித்த பள்ளம் இருந்தது. கதவை ஒட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்த பள்ளம். பிக்குனுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. எஞ்சின் அதிர்வில் தொடையும் இடுப்பும் மரத்துப்போனது போல அவளுக்கு உள்ளேயும் எதுவோ கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப்போய் ரொம்ப காலமாகியிருந்தது.

எந்த வண்டியிலும் ஒரு காவல் தாய் குடியிருப்பாள். முன்கண்ணாடிக்குக் கீழே கட்டுகிற மாலையும் கலர் துணியும் அவளுக்குத்தான். ஹெங் ஒரு மணல் டப்பாவில் ஊதுவத்தி குத்தி, சிவப்பு சோடா பாட்டிலில் உறிஞ்சுகுழலைப் போட்டு அந்தச் செத்த வண்டியின் முன்னால் வைத்தார். "சாமான் மட்டும்தான் போவுது தாயி. நீ இங்கேயே இரு," என்று சொல்லிவிட்டுத்தான் கதவைக் கழற்ற விட்டார். லாரியில் ஏற்றும்போது தோங்மாவின் தோளைத் தட்டிச் சொன்னார். "ஒரு வண்டியிலேருந்து ஒண்ணு எடு, மிஞ்சிப்போனா ரெண்டு. அதுக்கு மேல வேணும்னா வேற வண்டி பாரு. கலந்து கட்டுறதுதான் நல்லது."

வீட்டில் நடக்க வேண்டியதைப் பிக்குன் செய்தாள். பழைய கதவில் ஸ்பேனர் படுவதற்கு முன் கைகூப்பி, "இதுல இருக்கிறவங்க எறங்கிக்கணும்," என்றாள். புதிதாக வந்ததைப் பூட்டிய பிறகு, "ஏறி உக்காந்துக்கணும்," என்றாள். வண்டித்தாய்க்குப் பெயர் கிடையாது, அதனால் யார் இறங்க வேண்டும், யார் ஏற வேண்டும் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. அவள் அம்மா அப்படித்தான் சொன்னாள், ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நசுங்கிய கதவைத் தோங்மா முற்றத்து ஓரத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் சாய்த்து வைத்தான்.

அன்றைக்குச் சாயங்காலத்தோடு அவன் இருமல் நின்றது.

அடுத்த வாரம் ஸ்டீயரிங்கும் அதன் பல்சக்கரப் பெட்டியும் வந்தன. அதற்கடுத்து ஓட்டுகிறவன் இருக்கை வந்தது. இரண்டும் குளத்தில் விழுந்த அதே வண்டியிலிருந்து.

"ஒண்ணு ரெண்டுக்கு மேல வேணாம்னாரே ஹெங் அண்ணன்?" என்று பிக்குன் கேட்டாள்.

"அவன் வியாபாரி, ஆயிரம் சொல்லுவான். ரெண்டு பல்சக்கரம் ஒண்ணாச் சேந்து தேஞ்சிருந்தா, ஒண்ணை மட்டும் மாத்தக் கூடாது. மாத்தினா ஊளையிடும். சேந்து தேஞ்சது சேந்துதான் இருக்கணும். எந்த மெக்கானிக்கை வேணா கேட்டுப் பாரு."

அவன் சொன்னது சரிதான். எந்த மெக்கானிக்கும் அதையேதான் சொல்லுவான். அவள் ஒவ்வொரு தடவையும் கைகூப்பினாள். இறங்கிக்கணும். ஏறிக்கணும். ஒவ்வொரு தடவையும் பழையது மரத்தடிக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் தோங்மாவிடம் ஏதோ ஒன்று குறைந்து, வேறு ஏதோ ஒன்று வந்து சேர்ந்தது. துப்புவது நின்றது. திட்டுவது நின்றது. சாப்பிட்ட தட்டை அவனே கழுவினான். "புருசனை மந்திரிச்சு விட்டுட்டியாடி?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தாள். பிக்குனும் சிரித்து வைத்தாள்.

முதல் சுமை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போன மத்தியானம். ரோட்டின் இரண்டு பக்கமும், வெட்டுக்கு வசதியாகச் சோகை எரிந்துபோகட்டும் என்று, தோட்டங்களைக் கொளுத்தியிருந்தார்கள். சூரியன் புகைக்குள் சிவந்த பொட்டாகத் தொங்க, கரும்புச் சோகையின் கரித்துகள் கறுப்புப் பூவாக இறங்கி முன்கண்ணாடியிலும் அவள் மடியிலும் தோள்துண்டிலும் விழுந்துகொண்டே இருக்க, கேபினுக்குள் மட்டும் கரும்பு வாசமும் இல்லாமல் புகை வாசமும் இல்லாமல் ஈரமான பாசி வாசம் மெல்ல மெல்ல ஏறி வந்தது. தோங்மா பாட்டு முணுமுணுத்தான். அவனுக்குப் பாட வரும் என்பதே அவளுக்குத் தெரியாது. ரோட்டோரக் கடையில் லாரியை நிறுத்தி, சுட்ட கோழியும் மிளகாய் போட்டு இடித்த பப்பாளிக்காயும் வாங்கி வந்து, முதல் துண்டைப் பிய்த்து அவள் கையில் கொடுத்தான். இத்தனை வருசத்தில் அவன் தின்றது போக மிச்சம்தான் அவளுக்கு.

"காரம் போதுமா, லம்துவான்?"

அவள் வாயில் கோழி இருந்தது. மென்று விழுங்கினாள்.

"யாரு லம்துவான்?"

"யாரு?" என்று திருப்பிக் கேட்டான். ஒளிக்கிற முகமில்லை அது. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கோழி ருசியாக இருந்தது, அதை நினைத்து அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

ஆலைக்குத் திரும்புகிற சந்திப்பில் அவன் திரும்பவில்லை. நேரே போய், அவர்கள் ஒருநாளும் போகாத மண்ரோட்டில் இறங்கி, ஒரு குளக்கரையில் லாரியை நிறுத்தினான். எஞ்சின் துடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர்மேல் கரி படிந்து, தண்ணீரே தெரியவில்லை. ஒரு கொக்கு கூட இல்லை.

"இங்க எதுக்கு நிறுத்தினே?"

அவன் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிரியமாகப் பார்த்தான். ஆனால் அவன் பார்த்தது அவள் முகத்தை அல்ல, முகத்துக்கு நாலு விரல் கீழே, கதவை ஒட்டி. அவளைவிடக் குட்டையான ஒருத்தியின் கண் இருக்கக்கூடிய இடத்தை.

"இந்த சீட்டு ஒனக்குப் பொருந்தவே இல்லை தங்கம்," என்றான். "கிழிஞ்சு கம்பி வேற குத்துது. மாத்திடலாம்."

பிக்குன் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஆலை போய்ச் சேரும்வரை விடவில்லை. பயம் வந்திருந்தது. அழுகை மட்டும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தபோது இருமல் கேட்டது.

நெஞ்சுக்கூடு குலுங்கி, நடுவில் ஒரு விசில் சத்தம் கலந்து, கடைசியில் கனைப்பில் முடிகிற இருமல். அவளுக்குத் தெரியாத இருமலா! "காப்பிதானே, இரு," என்று பழக்கத்தில் சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். தோங்மா வீட்டுக்குள் இருந்தான். ஜன்னல் வழியே தெரிந்தான், துணி மடித்துக்கொண்டிருந்தான். இருமல் வந்தது மரத்தடியிலிருந்து.

அங்கே நசுங்கிய கதவு சாய்ந்திருந்தது. ஸ்டீயரிங் வேர்மேல் கிடந்தது. நடுவில் அவன் பழைய இருக்கை, அவன் இடுப்பு குழித்த பெரிய பள்ளத்தோடு, வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. வெயில் நன்றாக ஏறியிருந்தது, கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆனால் அந்த இருக்கையைச் சுற்றி ஒரு கோழியும் போகவில்லை. அவள் விளக்குமாற்றைப் பிடித்தபடியே கிட்டே போனாள். மட்டமான புகையிலை, வியர்வை, தலைவலித் தைலம். தோங்மாவின் வாசம். வீட்டுக்குள் இருக்கிறவனிடம் இப்போது இல்லாத வாசம்.

"யோவ்," என்றாள் மெதுவாக.

இருக்கையின் சுருள்கம்பி ஒன்று கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்தபடி எடையை மாற்றிக்கொள்கிற மாதிரி.

அவள் உள்ளே போய்க் காப்பி கலந்து எடுத்து வந்து, இருக்கைக்கு முன்னால் மண்ணில் வைத்தாள். சர்க்கரை தூக்கலாக, அவன் குடிக்கிற மாதிரி. சாயங்காலம் பார்த்தபோது தம்ளர் காலி. எறும்பு குடித்திருக்கலாம், நாய் நக்கியிருக்கலாம். அவள் அப்படியெல்லாம் நினைத்துப் பார்த்தாள், எதுவும் மனசில் நிற்கவில்லை. தன் வாயாலேயே அவனைத் துண்டு துண்டாக இறக்கி விட்டிருக்கிறாள். இறங்கு என்று சொன்னவளும் அவள், இன்னொருத்தனை ஏறு என்று சொன்னவளும் அவள்.

அவளுக்கு அவன் வேண்டும். கதவை அறைகிறவன், மிச்சம் வைக்கிறவன், புழுதியில் துப்புகிறவன். எதற்காக என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. சேர்ந்து தேய்ந்தாயிற்று, அவ்வளவுதான்.

அடுத்த நாள், பக்கவண்டி கோத்த மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஹெங்கிடம் போனாள். செத்த வண்டியின் கேபின் கிட்டத்தட்ட காலியாக நின்றது. ஓட்டுகிறவன் இருக்கையும் இல்லை, இடப்பக்கத்து இருக்கையும் இல்லை.

"அந்த எடப்பக்கத்து சீட்டு எங்கண்ணே?"

"தோங்மா நேத்தே எடுத்துட்டுப் போய்ட்டானேம்மா. ஒன்கிட்ட சொல்லலையா?" ஹெங் பனியனை இறக்கிவிட்டுக்கொண்டார். அவர் பனியனை இறக்கி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. "நான் சொல்லிப் பாத்தேன். காதுலயே வாங்கலை. என்கிட்ட அவன் இவ்வளவு மரியாதையாப் பேசினதே இல்லை. அதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"அந்தப் பொம்பளை பேரு என்னண்ணே? குளத்துல போனவ?"

ஹெங் ஊதுவத்திக் கட்டைத் தேடினார். தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டு சொன்னார். "லம்துவான்."

பிக்குன் தலையாட்டினாள். "எனக்கு ஒரு டூப்ளிகேட் சீட்டு குடுங்க."

"எடுத்துக்க, எடுத்துக்க. புத்திசாலிப் பொண்ணு. அதுல யாரும் இதுவரை உக்காந்ததில்லை."

வழியெல்லாம் பக்கவண்டியில் அந்தப் புது இருக்கை பிளாஸ்டிக் உறையோடு படபடத்தது. அவள் கணக்குப் போட்டிருந்தாள். இப்போதைய சீட்டு கிழிசல், அதுதான் அவனுக்குச் சாக்கு. அங்கே புத்தம் புதுசாக ஒன்று பூட்டிக் கிடந்தால் மாற்றுவதற்குச் சாக்கு கிடையாது, அந்தப் பொம்பளைக்கும் உட்கார இடம் கிடையாது. அதன் பிறகு, அவன் அசந்த ஒரு நாளில், மரத்தடியில் கிடக்கிறதையெல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் பூட்டி, "ஏறி உக்காந்துக்கணும்," என்று கைகூப்பிவிட்டால் போதும். ஸ்பேனர் பிடிக்க அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வீடு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. புகை இறங்கி, முற்றம் பழுப்பேறிக் கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் தூணுக்குத் தூண் கட்டிய தொட்டில் துணியில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான், குறட்டை இல்லாமல். லாரியின் பின்தட்டில் ஒரு தார்ப்பாய் மூட்டை. அதன் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. மழை பெய்து எத்தனையோ நாளாயிற்று.

அவள் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கேபினில் ஏறினாள். அவளுடைய இருக்கை. கிழிசலில் அவளே போட்ட தையல். அவள் இடுப்பின் பள்ளம். முழங்காலிட்டு, முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினாள். கை தானாகக் கூம்பியது. வாய் தானாகச் சொன்னது.

"இதுல இருக்கிறவங்க எறங்கிக்கணும்."

முதல் போல்ட் சுலபமாக வந்தது. இடது பாதம் மரத்தது. உட்கார்ந்தால் எப்போதும் மரக்கிற பாதம்தான். இரண்டாவது போல்ட். முட்டி வரை மரத்தது. மூன்றாவது துருப்பிடித்திருந்தது, எச்சில் தொட்டுத் திருகினாள். இடுப்பு. நாலாவது போல்ட் கழன்று உருண்டு, மிதிபலகையில் பட்டு, மண்ணில் விழுந்தது. விழுந்த சத்தம் ரொம்ப தூரத்திலிருந்து வந்தது.

இருக்கையை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு நடந்தாள். அவன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தாள். மூச்சு வாங்கியது. ஒரு நிமிசம் உட்காரலாம் என்று உட்கார்ந்தாள்.

பள்ளம் அவளை வாங்கிக்கொண்டது.

எழுந்திருக்கப் பார்த்தாள். உடம்பு மட்டும் எழுந்து போன மாதிரி இருந்தது, அவளால் முடியவில்லை. காலைப் பார்க்கக் குனிந்தாள். குனிய முடியவில்லை. கையைத் தூக்க நினைத்தாள். தூக்குவதற்குக் கை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. வலி இல்லை. பாரம் மட்டும்.

முற்றத்தின் அந்தப் பக்கம், லாரியின் இடப்பக்கத்தில், ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஸ்பேனர். வெளுத்த பூப்போட்ட சட்டை. கரி படிந்த கொண்டை. முதுகைக் காட்டி நின்றாள். அந்த முதுகைப் பிக்குன் இதற்கு முன் பார்த்ததில்லை. யாரும் தன் முதுகைப் பார்ப்பதில்லை.

தொட்டிலில் படுத்திருந்தவன் எழுந்து வந்தான். பக்கவண்டியில் இருந்த புது இருக்கையைப் பார்த்தான். பிளாஸ்டிக் உறையை விரலால் சுண்டினான்.

"டூப்ளிகேட்டா? நமக்கெதுக்கு தங்கம்?"

நின்றவள் சிரித்தாள். பிக்குனின் தொண்டையால்தான் சிரித்தாள். பிக்குன் அப்படிச் சிரித்தது கிடையாது.

அவன் தார்ப்பாயை விலக்கினான். பாசி வாசம் மரத்தடி வரை வந்தது. ஈரம் சொட்டுகிற இருக்கையை ஏற்றி, நாலு போல்ட்டையும் முறுக்கினான். கைகூப்பினான்.

"ஏறி உக்காந்துக்கணும்."

அவள் ஏறினாள். கதவை ஒட்டி உட்கார்ந்தாள். முட்டி மடங்கி, முதுகு வளைந்து, தோள் இறங்கி, அந்த உடம்பு அந்தச் சின்னப் பள்ளத்துக்குள் நாலு விரல் தாழ்ந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். இந்தத் தடவை கண்ணும் கண்ணும் நேராகச் சந்தித்தன.

யோவ், என்றாள் பிக்குன். சுருள்கம்பி கிறீச்சிட்டது. வேறு சத்தம் வரவில்லை.

தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவனின் ஒலிபெருக்கி கேட்டது. பேட்டரி, தகரம், பழைய பாத்திரம். மூன்று சக்கர வண்டி. லாரியில் இருந்தவன் கை நீட்டி அவனை நிறுத்தினான்.

"அண்ணே, மரத்தடியில கெடக்கிறதையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போயிடுங்க. நமக்கு வேண்டாம்."

"சும்மாவா?"

"சும்மாதான். புண்ணியமாப் போவும்."

கதவு மெதுவாக மூடியது. லாரி கிளம்பியது. உள்ளே இரண்டு பேர் பாடினார்கள். ஆணும் பெண்ணுமாக, சேர்ந்து பாடிப் பழகிய குரல்கள். பாட்டு போன பிறகும் புழுதி நின்றது. அதற்கு மேல் கரி விழுந்தது. அவள் மேல் விழுந்தது. அவள் தட்டிவிடவில்லை.

இரும்பு வாங்குகிறவன் முதலில் கதவைத் தூக்கிப் போட்டான். பிறகு ஸ்டீயரிங். பிறகு வந்து இருக்கைகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டான். எடைக்கு இரும்புதான் ஆகும். தோலும் பஞ்சும் குப்பை. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, செருப்பின் அடியில் இரண்டு இழுப்பு தீட்டிக்கொண்டான்.

பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு இருமல் கிளம்பியது. பாதியில் நின்றது.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். வீட்டைப் பார்த்தான். யாரும் இல்லை. மேலிருந்து கீழாக ஒரே கீறலில் தோலைக் கிழித்து, கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டான்.

உடனே வெளியே இழுத்துக்கொண்டான்.

"என்னடா இது," என்றான் தனக்குத்தானே. "பஞ்சு இப்படிச் சூடா இருக்கு."

கையை முகர்ந்து பார்த்தான். லுங்கியில் துடைத்தான். மறுபடி கையை விட்டு, அள்ளி அள்ளி மண்ணில் போட்டான். அள்ள அள்ள, பிக்குனுக்குப் பக்கத்தில் எதுவோ சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் வெறும் கம்பிக்கூடு மிஞ்சியது. அதைத் தூக்கி வண்டியில் எறிந்தான்.

வந்து அவள் முன்னால் உட்கார்ந்தான். தையல் எங்கே தொடங்குகிறது என்று விரலால் ஓரமாகத் தடவிக்கொண்டே வந்தான்.

அந்த விரல் படுவது அவளுக்குத் தெரிந்தது.